கரையும் வெல்லமும் கரையாத கல்லும்

அமாவாசைதோறும் திருவள்ளூர் நிலையத்தில் வந்து இறங்கும் ஜனத்திரள், ஸ்ரீ வீரராகவப் பெருமாள் சந்நிதிக்குள் புகுவதற்கு முன்னரே, ஹிருத்தாபநாசினி என்று பெயர் பெற்ற புஷ்கரிணியை நாடிச் செல்வதைக் காணலாம். வீட்டிலிருந்தோ கோயில் வாசலில் உள்ள கடையிலிருந்தோ கொண்டுவந்த வெல்லக் கட்டியை, தமக்கு உற்ற நோயை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, அந்த நீரில் விட்டுக் கரைப்பது அங்கே தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் பிரார்த்தனை. வெல்லம் கரைவதுபோல உபாதையும் கரைந்துபோக வேண்டும் என்பது அதன் கருத்து. உப்பும் மிளகும் செலுத்துவதும், நோய் கண்ட அங்கத்தின் உருவத்தைத் தகட்டில் வடித்துக் காணிக்கையாக இடுவதும் அதனோடு கூடிய வழக்கங்கள். பெருமாளுக்கே வைத்திய வீரராகவர் என்ற திருநாமம் வழங்குகிறது. வயிற்று நோய்க்காரர்கள் இந்தத் தலத்துக்கு விசேஷமாக வருகிறார்கள். அவர்களுள் கல்லடைப்பால் துடித்தவர்களும் உண்டு.

திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த இந்தத் திருஎவ்வுள் க்ஷேத்திரத்தின் ஐதிகம் சாலிஹோத்ர முனிவரோடு தொடங்குகிறது. ஓராண்டு உபவாசம் இருந்து, அரிசி மாவை நிவேதித்து உண்ணப்போகும் தறுவாயில் முதியவர் ஒருவர் வந்து பசி என்று கேட்க, இருந்ததையெல்லாம் அவருக்கு இட்டுவிட்டு முனிவர் மீண்டும் ஓராண்டு நோன்பை மேற்கொண்டார்; மறுமுறையும் அதே முதியவர் வந்து உண்டு, களைப்புத் தீரப் படுக்க இடம் எங்கே என்று வினவி, காட்டிய இடத்தில் பள்ளிகொண்ட பெருமாளாகக் காட்சி தந்தார் என்பது அந்த வரலாறு. இன்றும் மூலவரின் வலக்கரம் முனிவரின் தலைமேல் வைக்கப்பட்டிருப்பதைச் சேவிக்கலாம். வடமொழி வைத்திய மரபில் சாலிஹோத்ரர் என்ற பெயர் குதிரை வைத்திய சாஸ்திரத்தை இயற்றியவருக்கு உரியது. இருவரும் ஒருவரே என்று சாதிக்க நான் முற்படவில்லை, எனினும் வைத்தியருடைய பெயரைத் தாங்கிய ஒரு முனிவரின் தலத்தில் பெருமாள் வைத்தியராக விளங்குவது ரஸமான பொருத்தம். சென்னையில் வாழ்ந்த இராமலிங்க சுவாமிகள் இந்தப் பெருமாளை வீரராகவர் போற்றிப் பஞ்சகத்தில் துதித்திருக்கிறார். 1856 ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் தென்னாட்டின் முதல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது, அது திருவள்ளூர் வழியாகவே சென்றது. அதன் பின்னர் அமாவாசைக் கூட்டம் பெருகியதில் வியப்பொன்றும் இல்லை.

வெல்லத்தைக் கரைக்கும் இந்தச் சடங்கு எல்லா நோய்க்கும் பொதுவானதாயினும், வேறு எந்த நோயையும்விடக் கல்லடைப்புக்கே அது மிகப் பொருந்துகிறது. கரைய வேண்டிய பொருள் ஒன்று உண்மையிலேயே உடம்புக்குள் இருக்கிறது அல்லவா? விலாவுக்குக் கீழே முதுகுப்புறத்தில் முன்னறிவிப்பின்றித் தொடங்கி, வயிற்றைச் சுற்றி முன்புறம் இறங்கி, தொடையிடுக்கு வரையில் பாயும் அந்த வலி, நோயாளியை ஓரிடத்தில் கிடக்க விடாது. குடல்வால் புண்பட்டவன் அசைந்தால் வலி மிகும் என்று அஞ்சி ஆடாமல் கிடப்பான். கல்லடைப்புக்காரனோ எழுவான், உட்காருவான், புரளுவான், குமட்டலோடு குனிவான், சுவரில் முதுகை வைத்து அழுத்துவான். மருத்துவர் வந்து கேள்வி கேட்பதற்கு முன்பே இந்தத் தவிப்பைக் கண்டே நோயை ஊகித்துவிடலாம் என்று அநுபவஸ்தர்கள் சொல்வது மிகையன்று. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயில் கல் சிக்கி நீரோட்டம் தடைப்பட, அதற்கு மேலே நீரின் அழுத்தம் ஏறிச் சிறுநீரகத்தின் உறை விரிகிறது. குழாய் அந்தக் கல்லைத் தள்ள முயன்று இறுகுகிறது. வலியைத் தூண்டும் இரசங்கள் அங்கே சுரக்கின்றன. இவற்றுள் எதையும் அறியாதவனுடைய கைகூடத் தானாக இடுப்புக்குப் போய் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தத்தால் வலியைத் தணிக்கும் சிகிச்சையின் பூர்விகத்தைச் சீனத்திலோ ஜப்பானிலோ தேடுவதற்கு முன், இந்தக் கையின் இயல்பான செயலை நினைவில் கொள்வது நல்லது.

வலியைத் தணிப்பது ஒரு காரியம். கல்லைப் போக்குவது வேறொரு காரியம். திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரையில் பரந்த இந்த வட்டாரத்தில் கல்லடைப்புக்கு நடந்துவந்த பரிகாரங்களின் சரித்திரத்தைப் பார்த்தால், இந்த இரண்டு காரியங்களும் ஒன்றோடொன்று கலந்தே நெடுங்காலம் வந்திருக்கின்றன என்பதும், வலி நின்றவுடன் கல்லும் போயிற்று என்று நம்பும் சுபாவம் இன்றும் மாறவில்லை என்பதும் புலப்படும்.

சித்த மருத்துவர்கள் இந்த நோயைக் கல்லடைப்பு என்ற பெயராலேயே வழங்கினார்கள். யூகி வைத்திய சிந்தாமணி அதை வாதம், பித்தம், ஐயம், தொந்தம் என்று நான்காக வகுக்கிறது. அவர்களுடைய சிகிச்சையில் உள்மருந்து முப்பத்திரண்டு, புறமருந்து முப்பத்திரண்டு என்று ஒரு கணக்கு உண்டு. புறமருந்துகளுள் ஒற்றடமும் தொக்கணமும் அடங்கும். தொக்கணம் என்பது கையால் உடம்பைப் பிடித்துவிடும் கலை. அதை ஒன்பதாகப் பிரித்து, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று தனித்தனியே பெயரிட்டிருக்கிறார்கள். இந்த வரிசையில் அழுத்தல் ஒரு தனிக் கிரியையாக இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. தெற்கே குமரி நாட்டில் வர்மக் கலை ஆசான்கள் நூற்றெட்டு ஸ்தானங்களைக் கணக்கிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு விசை கொடுத்தால் என்ன நேரும் என்று அதை ஒரு நுட்பமான சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். தொண்டை மண்டலத்தின் இந்த வடபகுதியில் வர்மம் அத்தனை வேரூன்றவில்லை. இங்கே செல்வாக்குப் பெற்றிருந்தவை தவிட்டொற்றடமும், உப்பொற்றடமும், பாட்டிமாரின் கைப்பிடியும், மூலிகைக் குடிநீருமே.

அந்தக் குடிநீருக்கு வேண்டிய சரக்குகளுக்குக் குறைவே இல்லை. செம்மண் மேடுகளில் நெருஞ்சில் தரையோடு படர்ந்து கிடக்கும். பொங்கல் காலத்தில் காப்புக் கட்டுவதற்குப் பறிக்கும் சிறுபீளை வரப்பெல்லாம் வெண்பூ காட்டும். ஏரியோரத்தில் நீர்முள்ளியும், கோயில் நந்தவனங்களில் மாவிலங்கமும் கிடைக்கும். கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கங்களில் வாழும் இருளர்கள் இந்தப் பச்சிலைகளின் இருப்பிடத்தையும் பருவத்தையும் நன்கு அறிந்தவர்கள். இவையெல்லாம் நீரைப் பெருக்கும் மருந்துகள். இவற்றுக்கு மேற்பட்டு, நண்டுக்கல்லைப் புடமிட்டு ஆக்கிய பற்பத்தைக் கல்லடைப்புக்குக் கொடுப்பதும் உண்டு. கல்லாய்ச் சமைந்த நண்டு உடம்பில் சமைந்த கல்லை உடைக்கும் என்ற இந்த எண்ணத்துக்கும், புஷ்கரிணியில் வெல்லத்தைக் கரைக்கும் எண்ணத்துக்கும் குடும்ப ஒற்றுமை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பிற்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வுக்கூடத்தில் மாவிலங்கப் பட்டையை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். வாழைத்தண்டுச் சாற்றைப் பற்றியும் 1990களில் ஆய்வுரைகள் வெளிவந்தன. எலிகளின் சிறுநீரில் கல் படிவதற்கு ஏதுவான பொருள்கள் குறைந்தன என்ற அளவில் அவற்றுக்கு மதிப்பு உண்டு. உருவாகிவிட்ட கால்சியம் ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை எந்த வைத்தியத்திலும் இல்லை; யூரிக் அமிலத்தால் ஆன கல் மட்டும், சிறுநீரின் புளிப்பை மாற்றினால், உண்மையாகவே கரைகிறது.

இனி, கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே காயலின் கரையில் உள்ள பழவேற்காட்டுக்கு வருவோம். டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி 1613ஆம் ஆண்டில் இங்கே ஹெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தன் வியாபாரத்துக்கு இதையே தலைமையிடமாக்கிக்கொண்டது. 1690இல் அந்தப் பெருமை நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. துணி வாங்கி அனுப்பியது போலவே, இங்கே வெடிமருந்துச் சாலை ஒன்றையும் அவர்கள் நடத்தினார்கள். அதற்கு மூலப்பொருளான வெடியுப்பு, சித்த மருத்துவரின் பெட்டியில் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது: வெடியுப்புச் சுண்ணம் நீரடைப்பை உடைக்கும் மருந்து. பீரங்கிக்குப் போன உப்பும் நோயாளிக்குப் போன உப்பும் ஒன்றே.

பழவேற்காட்டிலிருந்து துணி சென்ற கப்பல்கள் படேவியாவையும், அங்கிருந்து ஜப்பானில் நாகசாகிக்கு அருகே டேஷிமா என்னும் சிறு தீவையும் தொட்டுவந்தன. அந்தத் தீவில் 1674 முதல் 1676 வரை கம்பெனியின் வைத்தியராக இருந்த வில்லெம் தென் ரைனே என்பவர், ஜப்பானியர்கள் பொன் ஊசியாலும் வெள்ளி ஊசியாலும் உடம்பில் குத்தி நோய் தீர்ப்பதைக் கவனித்து, அதைப் பற்றி லத்தீனில் எழுதி 1683இல் லண்டனில் வெளியிட்டார். அக்குபங்க்சர் என்று இன்று உலகமெல்லாம் வழங்கும் பெயர் அந்த நூலிலிருந்தே பரவியது. அவருக்குப் பின் 1690இல் அதே தீவுக்குச் சென்ற எங்கல்பெர்ட் கெம்ப்பர், 1712இல் வெளியிட்ட தம் நூலில் ஜப்பானியர் ஊசியால் வயிற்றுச் சூலையைத் தீர்க்கும் முறைக்கென்றே ஒரு தனிப் பகுதியை ஒதுக்கினார். ஐரோப்பியன் ஒருவன் இந்த வித்தையில் முதன்முதலாக வியந்த விஷயங்களுள் ஒன்று, தாங்கமுடியாத வயிற்று வலி நொடிப்பொழுதில் அடங்கியதே என்பது நம் விஷயத்துக்கு நெருங்கிய செய்தி. பழவேற்காட்டுக் கோட்டையில் யாராவது அந்த ஊசியைப் பிரயோகித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும், சீன ஜப்பானிய வைத்தியம் மேற்கே போன வழியும், நம் நெசவாளர்களின் துணி கிழக்கே போன வழியும் ஒரே கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் சந்தித்தன என்பது, இந்தச் சிகிச்சையை நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்குச் சொல்லத்தக்கது. இன்று பழவேற்காட்டில் எஞ்சியிருப்பது டச்சுக் கல்லறைகளும் இடிந்த கோட்டைமேடும்தான்.

ஆங்கிலேயர் காலத்துக் கதை வேறு மாதிரி. 1813இல் சென்னை அரசாங்க அச்சுக்கூடத்தில் வெளியான ஒயிட்லா ஐன்ஸ்லியின் மருந்துச் சரக்கு நூல், நம் நாட்டு மூலிகைகளைத் தமிழ்ப் பெயர்களோடு வரிசைப்படுத்தியது. சேனை வைத்தியராக இருந்த ஒருவர் நாட்டு வைத்தியர்களின் அநுபவத்தைக் காது கொடுத்துக் கேட்டதற்கு அது அடையாளம். ஆனால் அக்காலத்து ரண வைத்தியர்கள் கல் என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் சிறுவர்களின் மூத்திரப்பையில் விளைந்த கல்லையே குறித்தது. அது வடஇந்தியாவில் மிகுதி. குன்னூரில் இருந்த ராபர்ட் மக்கரிசன், சத்துக் குறைந்த ஆகாரத்தை எலிகளுக்குக் கொடுத்து அந்தக் கல்லை உண்டாக்கிக் காட்டி, பாலும் வைட்டமின் ஏயும் அதைத் தடுப்பதையும் நிரூபித்து, 1931இல் இந்தியாவில் கல் விளையும் காரணத்தைப் பற்றி ஓர் உபந்நியாசம் வெளியிட்டார். வறுமையின் கல் அது. ஊட்டம் சீர்ப்பட்ட இடங்களிலெல்லாம் அது குறைந்து, அதற்குப் பதிலாகச் சிறுநீரகத்துக் கல் மிகுந்தது. நம்முடைய விஷயம் இந்த இரண்டாவது வகை.

தற்காலத்து இந்தியாவுக்கு ஊசி வைத்தியம் வந்து சேர்ந்த வரலாறு வங்காளத்தில் தொடங்குகிறது. 1938இல் ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய சீனத்துக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐவர் கொண்ட வைத்தியக் குழுவில், அங்கேயே உயிர்நீத்த துவாரகாநாத் கோட்னீஸோடு சென்றவர் பிஜய் குமார் பாசு. அவர் 1950களின் பிற்பகுதியில் மறுபடியும் சீனம் சென்று அந்தக் கலையைப் பயின்று, 1959இல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். பிறகு 1971இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பீக்கிங்கில் குடல்வால் அறுவைக்குப் பின் உண்டான வயிற்று அசௌகரியத்துக்கு ஊசி போட்டுக்கொண்ட அநுபவத்தை எழுத, மேல்நாடு முழுவதும் அதன் பேச்சாயிற்று. மத்திய அரசின் சுகாதார அமைச்சு 2003இல் அக்குபங்க்சரை ஒரு சிகிச்சை வழியாக அங்கீகரித்தது. தமிழ்நாட்டில் ஊசியையும் விட்டுவிட்டு விரலால் தொட்டு வைத்தியம் செய்பவர்கள் பல ஊர்களில் தோன்றினார்கள்.

ஊசியைவிட விரல் பரவியது எளிது. சென்னை மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும் திருவள்ளூருக்கும் போகும் மின்சார ரயில்களில், முள் பதித்த மர உருளையையும், உள்ளங்கையில் உருட்டும் பிளாஸ்டிக் பந்தையும், உள்ளங்கை உள்ளங்கால் படம் அச்சிட்ட தாளையும் விற்பவர்களைப் பயணிகள் அறிவார்கள். அந்தப் படத்தில் உள்ளங்கையின் நடுப்பகுதியில் சிறுநீரகம் என்று ஒரு புள்ளி காணும். கல் வலிக்காரர் அதை அழுத்தவேண்டும் என்பது விற்பவரின் உபதேசம். இதைச் சீனத்துப் பழஞ்செல்வம் என்று வாங்குபவர் நினைக்கிறார். உண்மையில் அந்தப் படத்தின் பிதா, அமெரிக்காவில் 1917இல் மண்டல வைத்தியம் என்று ஒன்றைப் பிரசித்தப்படுத்திய வில்லியம் பிட்ஸ்ஜெரால்டு. அதைப் பாதங்களுக்கு விரித்துப் படம் வரைந்தவர் 1930களில் யூனிஸ் இங்காம் என்ற அம்மையார். சீன மரபு சொல்லும் இடங்கள் வேறு: இடுப்பில், இரண்டாவது முதுகெலும்பு முள்ளுக்கு இருபுறமும் ஏறக்குறைய இரண்டு விரற்கடை தள்ளி ஓரிடம், உட்கணுக்காலுக்கும் குதிநரம்புக்கும் இடையில் ஓரிடம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதைப்பற்றில் ஓரிடம். கடைசியாகச் சொன்னதைக் கர்ப்பிணிகளுக்கு அழுத்தக்கூடாது என்பது அந்த மரபின் விதி. ரயிலில் விற்கும் தாளில் அந்த விதி அச்சாகவில்லை.

இந்த அழுத்தத்தால் வலி தணிகிறதா என்ற கேள்விக்கு, தணியக்கூடும் என்பதே நேர்மையான விடை. 1965இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர், தொடுகையும் அழுத்தமும் முதுகுத்தண்டில் சென்று வலியின் சமிக்ஞை மூளைக்கு ஏறும் வழியை அடைக்கக்கூடும் என்ற கொள்கையை வெளியிட்டார்கள். இடித்துக்கொண்ட முழங்காலைத் தேய்த்துவிடும் தாய்க்கு இது புதிதல்ல. 1992இல் தைவான் மருத்துவர்கள் முப்பத்தெட்டு கல் வலிக்காரர்களுள் ஒரு சாராருக்கு ஊசிமுறையும் மற்றவருக்கு வலிமருந்தும் கொடுத்துப் பார்த்ததில், பலன் இரண்டிலும் ஒத்திருந்தது. ஊசியின் பலன் சற்று விரைவில் தொடங்கியது. 2022இல் வெளியான பீக்கிங் ஆராய்ச்சியில் எண்பது பேருக்கும் டைக்ளோபினாக் ஊசி போட்டுவிட்டு, பாதிப்பேருக்கு மெய்யான அக்குபங்க்சரும் பாதிப்பேருக்குப் போலியும் செய்தார்கள். பத்தாவது நிமிஷத்தில் வலி பாதிக்குமேல் குறைந்தவர்கள் முதல் சாராரில் நூற்றுக்கு எழுபத்தேழரை, இரண்டாம் சாராரில் நாற்பத்தைந்து. நேரம் செல்ல அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. மருந்து வேலைசெய்யத் தொடங்கும் வரையில் உள்ள அந்தக் கொடிய இடைவேளையைக் கடக்க ஊசி உதவியது என்று இதைப் பொருள்கொள்ளலாம். இவையெல்லாம் ஊசியைப் பற்றியவை. விரலால் அழுத்துவதற்கும் அதே பலன் என்று இவற்றைக் கொண்டு முடிவு கட்டுவது நியாயம் ஆகாது. வியன்னா நகரத்தில் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே நோயாளியின் இடுப்புக்கு வெப்பம் கொடுத்துப் பார்த்து, வலி குறைந்ததைப் பதிவு செய்தார்கள். நம் தவிட்டொற்றடத்துக்கு அது ஒரு நற்சாட்சி.

விரலோ ஊசியோ ஒற்றடமோ கல்லைத் தொடுவதில்லை. ஐந்து மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களுள் பெரும்பாலானவை தாமாகவே நீரோடு இறங்கிவிடுகின்றன. அப்படி இறங்கிய கல்லுக்குப் பெருமை, அந்த வாரம் எதைச் செய்தோமோ அதற்குப் போய்ச் சேர்கிறது. வெல்லத்துக்கும், வாழைத்தண்டுக்கும், உள்ளங்கைப் புள்ளிக்கும் உள்ள கீர்த்தியில் ஒரு பங்கு இவ்வாறு வந்தது என்றே நான் கருதுகிறேன். இதனால் தீங்கில்லை. கல்லோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அல்லது நீர் அறவே நின்றுவிட்டால், அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் பிடித்து ஒரே நாளில் உயிருக்கு ஆபத்து நேரும்; அந்தச் சமயத்தில் புள்ளியைத் தேடி அழுத்திக்கொண்டிருப்பவர்கள் வலி தணியத் தணிய ஆபத்தை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் தீங்கு.

கும்மிடிப்பூண்டிக்கு இந்தச் சரித்திரத்தில் உள்ள இடம் இதுவரை சொன்ன எல்லாவற்றினும் வேறானது. கல் விளையும் இடமாக அது நம் கதைக்குள் வருகிறது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் பின்னர் இங்கே அமைத்த தொழிற்பேட்டையில், காயலாங்கடை இரும்பை மின் உலையில் உருக்கி வார்த்து, சிவக்கக் காய்ந்த துண்டத்தை உருட்டாலையில் இழுத்து முறுக்குக் கம்பியாக்கும் ஆலைகள் பல எழுந்தன. கட்டிடங்களுக்குப் போகும் கம்பியில் ஒரு பங்கு இங்கிருந்தே செல்கிறது. அந்த உலைகளின் எதிரே நிற்பவர்களுள் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கற்சூளைகளிலும் அவ்வாறே. அக்கினி நட்சத்திரத்து வெயிலோடு உலையின் வெக்கையும் சேர, உடம்பு நீர் முழுவதும் வேர்வையாக வெளியேறி, சிறுநீர் கொஞ்சமாகவும் அடர்ந்ததாகவும் ஆகிறது. நீர் குறைந்த சிறுநீரில் உப்புகள் படிந்து கல்லாகச் சேர்வது ரசாயனத்தின் இயல்பான விளைவு. உப்பளத்தில் உப்பு விளையும் முறையும் இதுவேதான்.

பிரேசில் நாட்டு எஃகு ஆலை ஒன்றில் பதினாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட கணக்கின்படி, வெக்கைப் பகுதியில் வேலை செய்தவர்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குக் கல் வலி கண்டிருந்தது. மற்றப் பகுதியினருள் அது நூற்றுக்கு ஒருவரைக்கூட எட்டவில்லை. நம்முடைய போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்து ஆராய்ச்சியாளர்களும் எஃகு ஆலைகளிலும் உப்பளங்களிலும் வெக்கைக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பை விடாது ஆராய்ந்து வருகிறார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாத காரணத்தால் பெண்கள் வேண்டுமென்றே தண்ணீர் குடியாமல் இருக்கிறார்கள் என்று அவர்கள் எடுத்துக்காட்டியது, எந்த வைத்திய நூலிலும் காணாத ஒரு நோய்க்காரணம்.

இத்தனைக்கும் திருவள்ளூர் மாவட்டம் தண்ணீருக்குப் பேர்போனது. சென்னைப் பட்டணத்தின் தாகத்துக்காகக் கொசஸ்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முயன்ற மேயர் சத்தியமூர்த்தியின் பெயரே அதற்கு இடப்பட்டது. சோழவரமும் புழலும் இங்கேயே இருக்கின்றன. கிருஷ்ணா நதியின் நீரும் கண்டலேறுவிலிருந்து பூண்டிக்கே வந்து சேர்கிறது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் நகரத்துக்காகக் கிணறுகள் தோண்டி நிலத்தடி நீரை இறைத்ததில், மீஞ்சூர்ப் பக்கத்தில் கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறுகள் உவர்ப்பாயின. 2010இல் அதே மீஞ்சூரின் பெயரால் காட்டுப்பள்ளிக் கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் அதன் அளவு. அந்தத் தண்ணீரும் பட்டணத்தை நோக்கியே பிரயாணம் செய்கிறது.

உலையடியில் உள்ள மனிதனுக்குக் குடிக்க என்ன இருந்தது என்பதைச் சட்டப் புத்தகத்தில் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பதினெட்டாம் பிரிவு, எல்லாத் தொழிலாளருக்கும் வசதியான இடத்தில் நல்ல குடிநீர் வைக்கவேண்டும் என்றும், அந்த இடம் கழிப்பறைக்கும் கழுவுமிடத்துக்கும் ஆறு மீட்டருக்குள் இருக்கக்கூடாது என்றும், கோடைக்காலத்தில் தண்ணீரைக் குளிரவைக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்றும் விதித்தது. கடைசியாகச் சொன்ன கடமைக்கு மட்டும் ஒரு வரம்பு இருந்தது: சாதாரணமாக இருநூற்றைம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளுக்கே அது உரியதாக இருந்தது. தொழிற்பேட்டையின் சிறிய உருட்டாலைகள் அந்தத் தொகைக்கு எட்டுவதில்லை. அங்கே ஷெட்டின் நிழலில் கவிழ்த்து வைத்த இருபது லிட்டர் கேனில், நண்பகலில் வெதுவெதுப்பாகிவிட்ட தண்ணீரை ஷிப்டு முழுவதும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, கல் வலி வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும் மின்சார ரயிலில் அந்த முள் உருளையை வாங்குகிறார்கள்.